இரண்டேகால் அங்குலம்

டேட்டன், ஒஹையோ. எழுபத்து மூன்று, பிப்ரவரி.
ஆற்றுக்கு மேற்கே ஒரு பழைய சலவைக்கடை,
இப்போது ஒலிப்பதிவுக் கூடம்.
மழை பெய்தால் சுவர் இன்னும் சோடா மணக்கும்.

வெர்லீன் ஸ்டோக்ஸ்
பகலில் ஃபிரிட்ஜ் கதவுகளுக்கு ரப்பர் பட்டை பொருத்துகிறவள்.
கதவுக்கும் பெட்டிக்கும் நடுவில் இருப்பது
கதவும் இல்லை, பெட்டியும் இல்லை.
அது இல்லாவிட்டால் பால் திரிந்துவிடும்.
இரவில் பேஸ் கிட்டார்.

தடித்த கம்பியில் மூன்றாம் மெட்டு, பிறகு ஐந்தாம் மெட்டு.
பாட்டு கேட்டது அவ்வளவுதான்.
அவள் விரலோ போகிற போக்கில்
நான்கைத் தொட்டுவிட்டுப் போகிறது.
நான்கில் இருப்பது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை.
எந்த கார்டிலும் அதற்குப் பெயர் இல்லை.

"தப்பு நோட்" என்றார் மெரிட் கல்ப்.
கூடத்தின் முதலாளி. ஞாயிறுதோறும் சர்ச்சில் ஆர்கன்.
கணக்கில் ஒரு சென்ட் இடித்தால் தூங்கமாட்டார்.

"நின்றால் தப்புதான்" என்றாள்.
"நிற்கவில்லையே."

தமிழில் இதற்கொரு பெயர் உண்டு,
அவளுக்குத் தெரிய நியாயமில்லை.
மணி என்று ஒரு சொல் வாய் திறந்தபடி முடிய,
அடித்தது என்று ஒன்று வாய் திறந்தபடி தொடங்க,
யாரும் அழைக்காமல் நடுவில் ஒரு ய்.
மணியடித்தது.
முன்சொல்லின் சொத்து இல்லை, பின்சொல்லின் சொத்தும் இல்லை.
உடம்படுமெய் என்றார்கள் இலக்கணக்காரர்கள்.
கவனியுங்கள், மெய் என்றுதான் சொன்னார்கள்.

டிரம்ஸில் ஆர்வெல் டாக்கின்ஸ். அவருக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே:
ஒன்று விழும்போது எல்லோரும் வீட்டில் இருக்கவேண்டும்.
மிச்சம் பதினைந்து பங்கில்
எங்கே சுற்றினாய் என்று யாரும் கேட்பதில்லை.
பதினாறாவதில் வெர்லீன் நான்கில் இருப்பாள்,
வாசற்படியில், சாவியைத் துழாவிக்கொண்டு.
ஒன்று.
உள்ளே.

சனி இரவு எல்லோரும் போனபின் கல்ப் பிளேடை எடுத்தார்.
மஞ்சள் பென்சிலால் இரண்டு கோடு.
நொடிக்குப் பதினைந்து அங்குலம் ஓடுகிற டேப்பில்
அந்த நோட்டின் ஆயுள் இரண்டேகால் அங்குலம்.
வெட்டினார், ஒட்டினார், நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிறு, சர்ச் டையைக் கழற்றாமலே ஓட்டிக் காட்டினார்.
பாட்டு நொண்டியது.
போனது அவள் மட்டுமா?
அதே துண்டில் ஆர்வெலின் ஹை-ஹாட் இருந்தது.
டிரம்பெட்காரர் இழுத்த மூச்சு இருந்தது.
டெலோரா பாடுவதற்கு முன்
உதடு பிரிந்த சத்தம் இருந்தது.
"எவனோ என் படியொன்றைத் திருடிவிட்டான்" என்று
ஆர்வெல் முழங்காலைத் தடவிக்கொண்டார்.
வெர்லீன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது.

குப்பைத்தொட்டி கவிழ்ந்தது.
சாம்பல், கோழி எலும்பு, கட்டாத மின்சார பில்.
கல்ப் தானே மண்டியிட்டுத் தேடினார்.
கிடைத்தது பழுப்பாய் ஒரு துண்டு,
ஒரு முனையில் பார்பெக்யூ சாஸ்.
எது முன், எது பின்?
முதலில் திருப்பி ஒட்டிவிட்டார்:
நோட்டு எங்கிருந்தோ வீங்கிக்கொண்டே வந்து பட்டென்று அறுந்தது.
டெலோரா சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது.
மறுபடி பிரித்து, ஊதி, நேராக்கி,
கட்டைவிரலால் அழுத்திவிட்டது வெர்லீன்தான்.
ரப்பர் பட்டையை அழுத்துகிற அதே அழுத்தம்.

ஒட்டிய இடத்தில் ஒரு சின்ன டிக் மிஞ்சிவிட்டது.
யாருக்கும் கேட்காது என்றார் கல்ப்.
அவருக்குக் கேட்கும்.

திங்கள் காலை ஆறே முக்கால் பஸ்.
மேற்கே ஏறி கிழக்கே இறங்குகிற ஒரு பஸ் முழுக்கத் தொழிலாளிகள்,
கிழக்கே வீடு கேட்டால் கிடைக்காதவர்கள்.
நடுவில் பாலம், கீழே உடைந்த பனிக்கட்டி.
பாலத்தின் மேல் நிறுத்தம் கிடையாது.
கைப்பிடிக் கம்பியில் அவள் விரல்
மூன்று,
நான்கு